உப்புத் தண்ணீர் வந்த வழி

நவம்பர் 6, திங்கள்

காலையில் லிஃப்டில் இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. மாலையில் ஏறி வந்தபோது இருட்டிவிட்டது. இனி மார்ச் வரை இப்படித்தான். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது, மேலே பூங்கா. ஊர்க்காரர்கள் புல்வெளியில் பந்து தட்டுகிறார்கள். அவர்கள் காலையில் கழித்துவிட்டு வந்ததை நான் கீழே குப்பியில் பிடித்து ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆய்வகத்தில் பதினோரு வருடம். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

பூங்கா நடுவில் இருக்கும் பார்வைக் கோபுரம் உண்மையில் எங்கள் புகைபோக்கி. தொட்டிகளின் காற்றெல்லாம் அது வழியாகத்தான் வெளியே போகிறது. உச்சியில் ஏறிக் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டாம். போன வருடம் நகராட்சி அதில் ஒரு மீட்டர் மாட்டியது. நைட்ரஸ் ஆக்ஸைடு அளக்க. சிரிப்பு வாயு என்று பேர். கரியமில வாயுவைவிட இருநூற்றெழுபது மடங்கு பூமியைச் சூடாக்குகிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ.

இன்று மீட்டர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

நவம்பர் 8, புதன்

இருக்கிறது. இரண்டு மடங்கு.

நவம்பர் 9, வியாழன்

மேலாளர் மேங் கூட்டம் போட்டார். ஒரு மணி நேரம் பேசினார். சாராம்சம் ஒரே வரி: போன நவம்பரிலும் இதேதான் நடந்தது, போன நவம்பரில் பியோதான் காரணம், ஆகவே இந்த நவம்பரிலும் பியோதான் காரணம்.

பியோ அண்ணன் ப்ளோயர் ஓட்டுகிறவர். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பெரிய யந்திரங்கள் அவர் பொறுப்பு. காற்றைக் குறைத்தால் சிரிப்பு வாயு கூடும் என்று மேங் எங்கோ படித்திருக்கிறார். படித்தது தப்பில்லை. அது ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்டியதுதான் தப்பு. போன வருடம் பியோ அண்ணனிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். எங்கள் கம்பெனியில் இரண்டாவது கடிதம் எழுதினால் டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டார்கள். எங்கும் எழுதி வைக்காத விதி. அதனால்தான் அதை யாரும் மீறுவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "அண்ணே, போன வருஷம் நெஜமாவே காத்தக் கொறச்சீங்களா?"

"கொறச்சேன். பெல்ட் மாத்த. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துக்கு ஒரு மாசமா வாயு வரும்? அப்புறம் ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"எழுதலன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சிருப்பாரு. எனக்குப் பசி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஏப்ரலில் மகளுக்குக் கல்யாணம். "அதுவரைக்கும் நான் வேலையில இருக்கணும் சுன்யே. வேலை போனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எவன் வருவான்? மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாற்காலி நெறஞ்சிருக்கும், எம் பக்கம் நான் மட்டும் உக்காந்திருப்பேன்."

இந்த நாட்டில் அப்பாக்களுக்கு இருக்கும் பயம் இது. மிகையில்லை, அப்படித்தான் நடக்கும். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

நவம்பர் 10, வெள்ளி

வீட்டில் நிற்க இடமில்லை. வீடு என்ன வீடு, நாத்தனார் பொக்சில் அண்ணியின் வீட்டு மாடி. கீழே அவருடைய கோஸ் பட்டறை. நவம்பர் வந்தால் முற்றம் முழுக்கக் கோஸ் மலை, கல்லுப்பு மூட்டைகள், ரப்பர் பூட்ஸ் போட்ட பன்னிரண்டு பெண்கள். ஊரில் எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய் போட்டாக வேண்டும், ஆனால் கோஸை உப்பில் ஊறவைக்க இப்போது யாருக்கும் பொறுமையில்லை. ஊறவைத்ததைப் பெட்டியில் வாங்கிக்கொள்கிறார்கள். பொக்சில் அண்ணி சாயங்காலம் தொட்டிகளை நிரப்புவார், விடியற்காலையில் வடித்து, கழுவி, எட்டு மணிக்குள் லாரியில் ஏற்றிவிடுவார். மூன்று வருடத்தில் தொழில் ஐந்து மடங்கு.

என் கணவர் யொங்பே அக்காவிடம்தான் வேலை பார்க்கிறார். நாலரைக்கு எழுந்து போய்விடுவார். குடியிருப்பு அண்ணியுடையது, கணவர் சம்பளம் அண்ணியுடையது, வருடம் முழுக்கத் தின்னும் கிம்ச்சி அண்ணியுடையது. என் சொந்தச் சம்பாத்தியம் பூமிக்கு அடியில்.

"கீழருந்து வந்து மேல ஏறிட்டியா? நடுவுல ஒரு நா எங்களுக்கும் மூஞ்சியக் காட்டு" என்றார் அண்ணி. அவர் எதைச் சொன்னாலும் கொஞ்சம் உப்புத் தூக்கல்.

நவம்பர் 13, திங்கள்

பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அடியில் குழாய் செருகி, தண்ணீர்மேல் மிதக்கவிட்டு வாயுவைப் பிடித்தேன். ஒவ்வொரு தொட்டியாக, ஒவ்வொரு மணி நேரமும். பியோ அண்ணன் கயிறு பிடித்தார்.

காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கொட்டுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. ப்ளோயர் பதிவைப் பார்த்தால் காற்று நாள் முழுக்க ஒரே அளவு. அப்படியானால் காற்று இல்லை. பியோ அண்ணன் இல்லை!

எங்கள் தொட்டியில் வேலை செய்வது கிருமிகள். ஒரு கூட்டம் அழுக்கைப் பாதி மாற்றி அடுத்த கூட்டத்திடம் தள்ளும். அடுத்த கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை தேங்கும். அந்தத் தேக்கத்திலிருந்துதான் வாயு. தினமும் காலையில் ஏதோ ஒன்று வந்து அந்த இரண்டாவது கூட்டத்தை அடித்துப் போடுகிறது. என்ன அது?

நவம்பர் 14, செவ்வாய்

உள்ளே வரும் தண்ணீரின் பதிவுகளைப் புரட்டினேன். பதினோரு வருடமும் சுத்தம். எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் காலை பத்து மணி சாம்பிள். விதிப்புத்தகம் பத்து மணி என்கிறது, நான் காபி குடித்துவிட்டுப் பத்து மணிக்குக் குப்பியோடு போவேன்.

தொட்டியில் ஏழு மணிக்குத் தொல்லை. நான் பார்ப்பது பத்து மணிக்கு. திருடன் போனபிறகு தினமும் தவறாமல் காவலுக்குப் போயிருக்கிறேன்.

நாளை ஆறு மணிக்கே போகிறேன்.

நவம்பர் 15, புதன்

உப்பு.

உப்பு மீட்டர் சாதாரணமாகத் தொள்ளாயிரம் காட்டும். ஆறு பத்துக்கு 5,800. மீட்டர் கெட்டுவிட்டதென்று இன்னொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. பத்து மணிக்கு வழக்கம்போல 940, ஒன்றும் தெரியாத முகத்தோடு.

நவம்பரில் உப்பு என்றால் இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்காரர்கள் கிம்ச்சிக்கு ஊறவைப்பது சனி, ஞாயிறு. இது புதன்கிழமை, விடியற்காலை, ஒரே மொத்தமாக. எங்கோ ஒரு பெரிய தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

பியோ அண்ணனிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இரண்டு பேருக்கும் ரப்பர் கையுறை. அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

நவம்பர் 16, வியாழன்

கல்லூரி நுழைவுத் தேர்வு நாள். பிள்ளைகள் நெரிசலில் மாட்டக்கூடாதென்று ஊரே ஒரு மணி நேரம் தாமதமாக எழுகிறது. தெருவில் ஒரு வண்டியில்லை. உப்புக்காரன் மட்டும் தாமதிக்கவில்லை.

நானும் பியோ அண்ணனும் சாக்கடை மூடிகளைத் திறந்து திறந்து மீட்டரை இறக்கினோம். ஒவ்வொரு மூடிக்கும் எண் உண்டு. உப்பு ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும், ஒரு காலைக்கு நாலு மூடிதான் பார்க்க முடியும். சந்தை முக்கில் இரண்டு குழாய் சேர்கிறது. இடது 880. வலது 7,100.

வலது பக்கம் ஆற்றுப் பாலத்தை நோக்கிப் போகிறது.

நவம்பர் 17, வெள்ளி

மூடி 22: 9,000. மூடி 27: 11,500. மூடி 31, பாலத்துக்கு முன்னால்: 14,000.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தெருதான்.

"வா, தாண்டிப் போயிரலாம், இன்னிக்கே ஆளப் பிடிச்சிரலாம்" என்றார் பியோ அண்ணன். மூடி நெம்பும் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி வடிஞ்சிருச்சு அண்ணே, இனிமே காட்டாது" என்றேன்.

வடியவில்லை. மீட்டர் 14,000 காட்டிக்கொண்டிருந்தது. அணைத்துப் பையில் போட்டேன்.

நவம்பர் 18, சனி

ஐந்து மணிக்குச் சமையலறை ஜன்னலில் நின்றேன். விளக்குப் போடவில்லை. கீழே யொங்பே தொட்டிகளின் அடைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முற்றத்து ஓரக் குழாய், வாசலில் இருக்கும் மூடி. எண் 34. எங்கள் வாசல்.

இந்தச் சத்தத்தை இரண்டு குளிர்காலமாகப் படுக்கையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏதோ கழுவுகிறார்கள் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். அதே தண்ணீர் ஒரு மணி நேரத்தில் என் தொட்டிக்கு வரும், நான் பத்து மணிக்குப் போய் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடுவேன். அடிப் பாவி.

அது மட்டும் இல்ல. எழுதிடறேன், எழுதித் தொலைக்கிறேன். இந்தக் குழாயப் போடச் சொன்னதே நான்தான்.

இரண்டு வருடம் முந்தி, குடும்பத்துக்குக் கிம்ச்சி போட்ட அன்று. அதுவரை அண்ணி உப்புத் தண்ணீரைப் பின்னால் வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் பூண்டு மஞ்சளாகிப்போய் அந்த ஆள் சண்டைக்கு வந்துவிட்டார். அண்ணி என்னைப் பார்த்து, "நீதானே வீட்டுல படிச்சவ, தண்ணிக்காரி. எங்க விடலாம் சொல்லு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"தாராளமா சாக்கடையில விடுங்க அண்ணி. எங்ககிட்டதானே வருது, நாங்க பாத்துக்கறோம்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அண்ணி தன் கையால் என் வாயில் கிம்ச்சி ஊட்டினார்.

கொஞ்சங்கொஞ்சமாக விடுங்கள் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வந்தால் கிருமிகள் தாங்கிக்கொள்ளும். அந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லை. படித்தவளாம்.

நவம்பர் 19, ஞாயிறு

யொங்பேயிடம் சொன்னேன். சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை தலை நிமிரவில்லை.

"நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், நிறுத்துங்க."

"நடு சீசன்ல எப்பிடி நிறுத்துறது? தெனம் இருவது டன் கோஸ். தண்ணியத் தலையில கொட்டிக்கறதா? அக்காகிட்ட நீயே சொல்லு."

"பியோ அண்ணனுக்கு வேலை போயிடும்ங்க."

"நமக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நவம்பர் 20, திங்கள்

"இன்னிக்குப் பாலத்தத் தாண்டிரலாமா?" பியோ அண்ணன் ஐந்தரைக்கே வந்து கம்பியோடு நின்றிருந்தார்.

மீட்டர் பழுது, ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். மீட்டர் என் தோள்பையில் இருந்தது. பை கனத்தது. அவர் அதை வாங்கி லிஃப்ட் வரை தூக்கி வந்தார்.

நவம்பர் 22, புதன்

மேங் என்னை அழைத்தார். பியோ முப்பதாம் தேதிக்குள் கடிதம் தந்துவிட வேண்டுமாம்.

"காத்து காரணமில்ல சார். பதிவுல இருக்கே."

"சரி, அப்ப எது காரணம்? நீங்களே சொல்லுங்க சுன்யே. சொல்லுங்க, அத எழுதிக்கறேன்."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு திருகாணி கிடந்தது.

"இன்னும் பாத்துட்டு இருக்கேன் சார்."

"ரெண்டு வாரமா பாக்கறீங்க. அடுத்த வருஷம் டெண்டர். நகராட்சிக்காரன் கேட்டா ஒரு பேரு வேணும் எனக்கு."

நவம்பர் 23, வியாழன்

நாலு மடங்கு. காலையில் கோபுரத்தில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 25, சனி

குடும்பத்துக் கிம்ச்சி நாள். இருநூறு கோஸ். முழங்கை வரை மிளகாய் விழுது. வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி அண்ணி ஒவ்வொருவர் வாயிலும் திணித்தார். என் முறை வந்தபோது மென்றுகொண்டே நின்றேன்.

"என்னடி, காரமா?"

பாத்திரம் கழுவும்போது தனியாகச் சொல்லிவிட்டேன். சாக்கடை, கிருமி, வாயு, பியோ அண்ணன், மகள் கல்யாணம், எல்லாம். தலையும் வாலும் இல்லாமல் உளறினேன். அண்ணி குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீ விடுன்னே, விட்டேன். நீ சொன்னதுக்கு அப்புறந்தான் குழாயே பதிச்சேன். பூண்டுக்காரன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவ சொன்னா சட்டம்னேன்."

"அண்ணி, கொஞ்சங்கொஞ்சமா விட்டாப் போதும். நாள் முழுக்க..."

"தேக்கி வெக்கத் தொட்டி எங்க இருக்கு? உன் மாடியில கட்டறதா?" கையைத் துடைத்துக்கொண்டார். "எட்டு வருஷமா மேல இருக்கீங்க. ஒரு நாளு வாடகைன்னு வாயத் தொறந்திருக்கேனா? யாரோ ஒரு பியோவுக்காக இந்தப் பன்னெண்டு பேர வீட்டுக்குப் போங்கன்னு சொல்லணும்னா, போ, நீயே போய்ச் சொல்லு. அதோ உக்காந்திருக்காங்க."

அவர்கள் சூப்பு குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

நான் போகவில்லை. அண்ணி சொன்னதில் எது தப்பு? ஒன்றும் தப்பில்லை. பியோ அண்ணன் சொல்வதிலும் தப்பில்லை. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாயே எதிரே நிற்கிறது.

நவம்பர் 27, திங்கள்

பியோ அண்ணன் கடிதத்தை எழுதிவிட்டார். "உனக்கு ஆபீஸ் பாஷை வரும், படிச்சுப் பாரு" என்று நீட்டினார்.

'எனது கவனக்குறைவால் காற்றின் அளவு குறைந்து' என்று ஆரம்பித்திருந்தார். போன வருடக் கடிதத்தைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். அதில் பத்து நிமிடமாவது உண்மை இருந்தது. இதில் அதுவும் இல்லை.

"நல்லா இருக்கா?"

"இன்னிக்குக் குடுக்காதீங்க அண்ணே. முப்பது வரைக்கும் டைம் இருக்கு."

"உன் மீட்டர் ரிப்பேர் ஆயி வந்துருமா?" என்று கேட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கழிப்பறையில் போய் அழுதேன். அங்கிருந்து போவதும் எங்கள் தொட்டிக்குத்தான்.

நவம்பர் 28, செவ்வாய்

நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதி மேங்கிடம் கொடுத்தேன். மூடி எண், அளவு, பட்டறை, சொல்லிக்கொடுத்தது யார், எல்லாம்.

இரண்டு தடவை படித்தார். மடித்தார். என் கோட்டுப் பையில் அவரே செருகினார்.

"இது எனக்கு வரல. நம்ம லேப் ஆளோட வீட்டு உப்பு, அதுவும் அவங்களே விடச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா, டெண்டர்ல நம்ம பேர எவன் படிப்பான்? பியோ எழுதிட்டாரு, முடிஞ்சுது. உங்களுக்கும் நல்லது. வீட்டுக்குப் போங்க."

எனக்கும் நல்லதாம். படுபாவி, அதுவும் உண்மைதான். பேசாமல் இருந்தால் போதும். டிசம்பரில் சீசன் முடியும், மீட்டர் இறங்கும், என் வீடு இருக்கும், வேலை இருக்கும்.

நவம்பர் 29, புதன்

ஆறு மணிக்குப் போனேன். அளந்தேன். 5,900.

தினசரிப் பதிவை நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். அது நேரே நகராட்சிக்குப் போகிறது. பகல் பன்னிரண்டுக்குப் பூட்டிக்கொள்ளும், பிறகு மேங்காலும் திறக்க முடியாது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அதில் 'இல்லை' என்றே எழுதி வந்திருக்கிறேன்.

இன்று எழுதியது: காலை 6.10, உப்பு 5,900. வழி: மூடி எண் 34, கோஸ் பட்டறை. சிரிப்பு வாயுவுக்குக் காரணம் இதுவே, காற்று அல்ல. சாக்கடையில் விடலாம் என்று சொன்னது நான். கில் சுன்யே, ஆய்வகம்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அழுத்தினேன். பிறகு குப்பிகளைக் கழுவினேன். ஒன்று உடைந்தது.

டிசம்பர் 1, வெள்ளி

நகராட்சியிலிருந்து மூன்று பேர் பட்டறைக்கு வந்தார்களாம். குழாய்க்குச் சீல். சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கையில்.

யொங்பே திட்டுவார் என்று காத்திருந்தேன். சோறு போட்டேன், சாப்பிட்டார். அது திட்டுவதைவிட மோசம்.

டிசம்பர் 4, திங்கள்

பியோ அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கடிதத்தைக் கிழித்துவிட்டுத்தான் வந்தார். வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"என்னிக்குத் தெரியும் உனக்கு?"

"பதினேழாந்தேதி."

விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டு நாள். மீட்டர் ரிப்பேர்னே. உன் பைய நான் தூக்கிட்டு வந்தேன் சுன்யே."

மன்னிப்புக் கேட்டேன். சரி சரி என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

டிசம்பர் 16, சனி

மாடியைக் காலி செய்துவிட்டோம். அண்ணி போகச் சொல்லவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழி விட்டார், மாமியாருக்கு விடுவதுபோல. அதைத் தாங்க முடியவில்லை. மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை. இங்கே ஜன்னல் இருக்கிறது, எதிர்ச் சுவரைப் பார்த்து. யொங்பே பெட்டிகளை ஏற்றி வைத்துவிட்டு இரவுக்குள் போய்விட்டார். பட்டறையில் உப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கத் தொட்டி கட்டுகிறார்களாம், அக்காவுக்கு ஆள் வேண்டுமாம்.

டிசம்பர் 29, வெள்ளி

பியோ அண்ணன் புதுப்பித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். என்னிடமும் ஒன்றில் வாங்கிக்கொண்டார்கள், கூடவே ஒரு விளக்கக் கடிதமும். கணக்கில் ஏறிய என் முதல் கடிதம். இன்னொன்று எழுதினால் அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, சனி

கல்யாணம். அழைப்பிதழை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார், கையில் தரவில்லை. போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்துப் போனேன். பெண் வீட்டுப் பக்கம் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நிலையத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள், மேங்கூட. எனக்கு உட்கார இடமில்லை. பின்னால் நின்றேன்.

பியோ அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு நடந்து வரும்போது என்னைப் பார்த்தார். பந்தியில் என் கிண்ணத்து நூடுல்ஸில் தன் கறித்துண்டைப் போட்டுவிட்டுப் போனார். பேசவில்லை. திங்கட்கிழமை பேசினார். பெல்ட் தேய்ந்துவிட்டது என்று.

நவம்பர் 14, வியாழன்

ஆறு மணிக்கு 1,300. ஒன்பது மணிக்கு 1,300. மதியமும் அதே. கோபுரத்து மீட்டர் அசையவில்லை. விதிப்புத்தகத்தில் இப்போது ஆறு மணி சாம்பிளும் சேர்ந்துவிட்டது. நானே கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை.

நவம்பர் 23, சனி

கிம்ச்சி நாள் போன வாரமே முடிந்துவிட்டதாம். கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை என்று எழுத ஆசை. எதிர்பார்த்தேன்.

மாலையில் யொங்பே வந்தார். சனிக்கிழமைதோறும் வருகிறார், சில வாரம் தங்குகிறார். இன்று தோளில் ஒரு சாக்கு. உள்ளே பன்னிரண்டு கோஸ், பச்சையாக, ஊறவைக்காமல். மேலே ஒரு பை கல்லுப்பு.

"அக்கா குடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

தயங்கினார். "'உப்ப அவளே போட்டுக்கட்டும். தண்ணிய எங்க ஊத்தறதுன்னு அவளுக்குத்தான் நல்லாத் தெரியுமே'ன்னாங்க."

வலித்தது. ஆனால் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். இலையெல்லாம் இறுக்கமாக, உள்ளே மஞ்சள். அண்ணி தன் வீட்டுக்கு எடுத்து வைக்கும் ரகம்.

இரண்டு பேரும் குளியல் தொட்டியில் ஊறவைத்தோம்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் கோஸை எடுத்துக் கழுவி வடியவைத்தாயிற்று. தொட்டியில் அரை அளவுக்கு உப்புத் தண்ணீர் நின்றது. அடைப்பைப் பிடுங்கினால் இரண்டு நிமிடம். ஒரு வீட்டு உப்பு எந்தக் கிருமியையும் ஒன்றும் செய்யாது, எனக்குத் தெரியாதா?

கை போகவில்லை. ஒரு குவளை எடுத்து மொண்டு ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. யொங்பே வாசலில் நின்று பார்த்தார். பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மதியம் அவர் ஊற்றினார், நான் பூண்டு உரித்தேன்.

மூன்று மணிக்குப் போன். பொக்சில் அண்ணி. ஒரு வருடம் கழித்து.

"ஊத்தியாச்சா?"

"இன்னும் பாதி இருக்கு அண்ணி."

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, மெல்லிசாக, விடாமல்.

"இங்கயும்தான்" என்றார். வைத்துவிட்டார்.